நாலு கதவு வெச்ச ஹெரால்டு



போன வாரம் ஏற்காடு ட்ரிப். மூணு பைக், ஆறு பேர், எல்லாமே மெக்கானிக்கல் கோஷ்டி. கரடியூர் வ்யூ பாயின்ட்டுக்குப் போனா வ்யூவும் இல்ல, பாயின்ட்டும் இல்ல. ஒரே பனிமூட்டம். சரி, டீயாவது குடிப்போம்னு திரும்பினப்ப ரோட்டோரம் நின்னுச்சு அந்தக் கார். வெண்ணெய் கலர், மூக்குல பளபளன்னு க்ரோம். "ஃபாரின் வண்டிடா... பழைய ஸ்கோடாவா இருக்கும்"னு ஒருத்தன் அடிச்சு விட்டான்.

பக்கத்துல மஃப்ளர் கட்டி நின்ன காபித் தோட்டத்துப் பெரியவர் சிரிச்சார். "ஃபாரின் எல்லாம் இல்ல தம்பி. வண்டலூர்!"

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் 3. அசல் மெட்ராஸ் தயாரிப்பு. ஆறு மெக்கானிக்கல் பசங்களுக்கும் அது தெரியலை. அந்த வெட்கத்துலதான் இந்த வாரம் இதை எழுதறேன்.

ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனியோட கூட்டு. வேன்கார்டு, டென், பென்னன்ட்னு ஓட்டிப் பார்த்துட்டு 1961-ல ஹெரால்டுக்கு வந்தாங்க. லைசென்ஸ் ராஜ்யத்துல உங்க தாத்தாவுக்கு இருந்த சாய்ஸே மூணுதான்: கல்கத்தா அம்பாசடர், பம்பாய் ஃபியட், மெட்ராஸ் ஹெரால்டு.

பெரியவர் ரெண்டு பக்கக் கொக்கியையும் கழட்டி பானெட்டைத் தூக்கினார் பாருங்க... மட்கார்டு, ஹெட்லைட்டோட மொத்த முகமும் முதலை வாய் மாதிரி முன்பக்கமா சாய்ஞ்சிடுச்சு. உள்ளே 948 சிசி குட்டி இன்ஜின். டயர் மேலேயே உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கலாம் போல!

அந்த டிசைனுக்குப் பின்னாடி ஒரு கதை. ஸ்டாண்டர்டுக்கு பாடி செஞ்சு கொடுத்த கம்பெனியை 1953-ல போட்டிக் கம்பெனி பி.எம்.சி. வளைச்சுப் போட்டுடுச்சு. முழு பாடி செய்ய ஆளில்ல. சரி போன்னு தனி சேஸிஸ் மேல துண்டு துண்டா பாடியை போல்ட் போட்டு முடுக்குற மாதிரி யோசிச்சாங்க. வரைஞ்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1959-ல வந்தது. துண்டுகளைப் பெட்டியில போட்டு எந்த ஊருக்கும் அனுப்பி மாட்டிக்கலாம். நமக்கு ரொம்ப வசதி.

ஆனா பிரிட்டிஷ் ஹெரால்டு சலூனுக்கு ரெண்டே கதவு. நம்ம வீட்டு விசேஷத்துக்கு அது ஆகுமா? பட்டுப்புடவைப் பாட்டி முன்சீட்டை மடக்கி, குனிஞ்சு, பின்சீட்டுக்குள்ள போகணும்னா முகூர்த்தமே தாண்டிடும்! 1968-ல மெட்ராஸ்காரங்க மார்க் 3-ல நாலு கதவு வெச்சாங்க. இங்கிலாந்துலயே கிடையாத ஹெரால்டு. என்னைக் கேட்டா, அந்தக் கம்பெனி செஞ்ச உருப்படியான வேலையே இதுதான்.

இன்னொரு வேலையும் செஞ்சாங்க. ஹெரால்டுல பின்சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடுற ஸ்விங் ஆக்ஸில். வளைவுல வேகமா ஒடிச்சா சக்கரம் உள்பக்கமா மடங்கப் பார்க்கும். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கலை. அதனால 70-கள்ல வந்த 'கெஸல்' மாடல்ல அதைத் தூக்கிட்டு ஒரே இரும்புத் தண்டா சாதா ஆக்ஸில் போட்டாங்க.

நண்பன் சொன்ன ஸ்கோடாவும் முழு உளறல் இல்ல. செக்கோஸ்லோவாகியாவுல முதல் ஆக்டேவியா வந்ததும் இதே 1959-லதான். அதுலயும் தனி சேஸிஸ், ஸ்விங் ஆக்ஸில். ஸ்கோடா 1964-ல இன்ஜினைப் பின்னாடி கொண்டுபோய், அதுக்காகவே பல வருஷம் ஜோக்கடிக்கப்பட்டு, 1991-ல ஃபோக்ஸ்வேகன் கையைப் பிடிச்சது. 1996-ல ஆக்டேவியா பேரைத் தூசி தட்டி எடுத்தாங்க. 2001-ல அது இந்தியாவுக்கே வந்துடுச்சு.

நம்ம கம்பெனி? கெஸலுக்கு அப்புறம் கொஞ்ச காலம் வேன்தான். 1985-ல 'ஸ்டாண்டர்டு 2000'. ரோவர் எஸ்.டி.1-ங்கிற செம ஸ்டைலான பாடி. அதுக்குள்ள வெச்சது 40-கள்ல பிறந்த வேன்கார்டு பரம்பரை இன்ஜின்! விலையும் எகிறல். 1983-லயே மாருதி 800 வந்தாச்சு. அப்புறம் யார் இதை வாங்குவா? 1988-ல கதை முடிஞ்சது. பாட்டிக்குக் கதவு வெச்ச கம்பெனி, கடைசியில யாருக்காகக் கார் செய்யறோம்னே மறந்துபோச்சு. எனக்கு இதுதான் ஆறவே இல்ல. அந்த ஃபேக்டரி பக்கம் இப்போ ஐ.டி. கட்டடங்கள். உங்கள்ல சிலர் இன்டர்வ்யூவுக்குப் போவீங்க.

"இந்த மலைக்கு இதைவிட ஏத்த வண்டி கிடையாது தம்பி"ன்னார் பெரியவர். பில்டப்னு நினைச்சோம். சேலம் இறங்குற ரோட்டுல மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. ஒண்ணுல ஒரு புது எஸ்.யூ.வி. முன்னாடி பின்னாடி எடுத்துத் திணறிட்டிருந்துச்சு. ஹெரால்டு திரும்ப 25 அடி வட்டம் போதும். பெரியவர் ஹாரன் அடிச்சார், ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சார், ஒரே திருப்புல போய்க்கிட்டே இருந்தார்.

"ஸ்கோடா"ன்னு சொன்னவன் அடிவாரம் வரைக்கும் வாயே திறக்கலை.