வேப்பமரத்தடியும் பேவர் பிளாக்கும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு அறிவிப்பு வாசிச்சாங்க. "கோயிலுக்குப் பின்னால காலியா கிடக்கிற இடத்தையும் பேவர் பிளாக் போட்டு, ஓரத்துல புல்தரை வச்சு அழகுபடுத்த கமிட்டி தீர்மானிச்சிருக்கு. சபையார் தாராளமா காணிக்கை தரணும்." பக்கத்துல இருந்தவங்க தலையாட்டினாங்க. எனக்கு வயித்தைப் பிசைஞ்சிது. ஏன்னு சொல்றேன்.

(வெளியூர் நண்பர்களுக்கு: திருநெல்வேலிப் பக்கம் நாங்க சர்ச்சை 'கோயில்'னுதான் சொல்லுவோம். குழம்பிடாதீங்க :-))

எங்க கோயிலைச் சுத்தி சுமார் ஒரு ஏக்கர் மண்தரை இருந்துச்சு. முன்பக்கம் நாலு வேம்பு, கிணத்தடியில ஒரு பூவரசு. சின்னப் பிள்ளையில எனக்கு ஜெபத்தைவிட அந்த வேப்பமரத்தடி நல்லா ஞாபகம் இருக்கு. ஞாயிறு பள்ளி அங்கதான் நடக்கும். சாயங்காலம் கோலி, பம்பரம், கில்லி. ஆடுற பயலுகள்ல பாதிப் பேர் எங்க சபைப் பிள்ளைங்க கிடையாது. அம்மன் கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, எல்லாத் தெருப் பயலும் வருவான். மத்தியான வெயில்ல ஒரு பனங்கிழங்கு விக்கிற ஆச்சி கூடையை எறக்கி வச்சிட்டு அங்கதான் தலைசாய்ப்பா. பஸ்ஸுக்கு நிக்கிறவங்களும் அந்த நிழல்லதான் நிப்பாங்க. யாரும் யாரையும் ஏன் வந்தேன்னு கேட்டது கிடையாது.

அசனம் நடந்தா கேக்கவே வேண்டாம். ராத்திரி முழுக்க மரத்தடியில அடுப்பு எரியும், அண்டா கொதிக்கும். ஊரே மண்ணுல பாய் விரிச்சு வரிசையா உக்காந்து சாப்பிடும். சாதி பாக்காம எல்லாரும் ஒரே பந்தியில உக்காருற இடம் எங்க ஊர்ல வேற எது இருந்துச்சுன்னு யோசிச்சா, சட்டுனு பதில் வரமாட்டேங்குது.

2017ல பிரதிஷ்டை பண்டிகைக்காக முன்பக்கம் பூரா பேவர் பிளாக் போட்டோம். கவனிங்க, 'போட்டாங்க' இல்ல, 'போட்டோம்'. நானும் ஐயாயிரம் ரூபாய் குடுத்தேன். கல்வெட்டுல என் பேரு இல்ல, அவ்வளவுதான் (அதுக்குப் பத்தாயிரமாம், ஹி ஹி).

அன்னைக்கு அது சரியாத்தான் பட்டுச்சு. மழைக்காலத்துல சேறு, வயசானவங்க வழுக்கி விழுறாங்க, கல்யாணத்துக்கு வர்றவங்க சேலையெல்லாம் மண்ணு, புதர்ல பூச்சிபொட்டு. கமிட்டி அண்ணாச்சி சொன்ன ஒரு காரணமும் பொய் இல்ல. அவரு நல்ல மனுசன், கோயிலுக்காக ஓடி ஓடி உழைக்கிறவரு. அதனாலதான் இதை எழுதவே தயக்கமா இருக்கு.

ஆனா நடந்தது என்ன?

கல்லு பதிக்கிறவங்க வேப்பமரத்து தூரு வரைக்கும் சிமெண்டைக் குழைச்சு ஒட்டிட்டுப் போயிட்டாங்க. ஓரக்கல்லு வைக்க, குறுக்க வந்த வேரையெல்லாம் வெட்டினாங்க. வேருக்குத் தண்ணி மட்டும் போதாது, காத்தும் வேணும். இறுக்கி மூடின தரைக்குள்ள ரெண்டும் சரியாப் போகாது. மரம் ஒரே நாள்ல சாகாது, அதுதான் சிக்கல். மூணு வருசம் கழிச்சு ஒரு மரம் உச்சியில இருந்து காய ஆரம்பிச்சப்போ, 'வயசாயிடுச்சு'ன்னு சொல்லி வெட்டினோம். இன்னொண்ணு சாதாரணக் காத்துல வேரோட சாஞ்சுது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013லயே டெல்லியில, மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்குள்ள இருக்கிற கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கு. நாங்க அதுக்கு நாலு வருசம் கழிச்சு அதே தப்பைக் காசு குடுத்துப் பண்ணியிருக்கோம்.

நிழல் போச்சு. சித்திரை வெயில்ல கல்லு கொதிக்குது. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வர்ற பிள்ளைங்க ஒத்தக்கால்ல குதிக்குதுங்க. ஆச்சி வர்றதில்ல. கல்லு அழுக்காகுதுன்னு அசன அடுப்பு கல்யாண மண்டபத்துக்குப் போயிடுச்சு. பந்து அடிச்சா ஜன்னல் உடையுதுன்னு சாயங்காலம் கேட்டைப் பூட்டுறோம். 'அந்நியர் உள்ளே வரக்கூடாது'ன்னு ஒரு போர்டு வேற. அந்த அந்நியர் யாருன்னா, என்கூட கில்லி விளையாடினவனோட மகன்.

*

எல்லாத்தையும்விட என்னை உறுத்துறது தண்ணி விஷயம்.

2023 டிசம்பர் 17, 18ல தென்மாவட்டங்கள்ல பெஞ்ச மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. எங்க கோயில் கொஞ்சம் மேட்டுல இருக்கு. பின்பக்கச் சந்து பள்ளம். எங்க முன்தரையில விழுந்த தண்ணி மொத்தமும் கல்லு மேல வழுக்கிக்கிட்டு அந்தச் சந்துக்குள்ளதான் எறங்குச்சு. அங்க இருக்கிறவங்க யாரும் எங்க சபை இல்ல. மறுநாள் ரொட்டியும் போர்வையும் கொண்டுபோய்க் குடுத்தோம், போட்டோவும் எடுத்தோம். ஒரு அம்மா ரொட்டியை வாங்கிக்கிட்டு சொன்னாங்க, "உங்க கோயில் தண்ணிதான் தம்பி வீட்டுக்குள்ள வந்துது." கோவமா சொல்லல. சும்மா சொன்னாங்க. நான் பதில் சொல்லல.

'அந்த மழைக்கு வெறும் மண்ணா இருந்தாலும் தாங்கியிருக்காது'ன்னு அண்ணாச்சி சொல்லுவாரு. உண்மைதான். ஆனா அப்பிடி மழை என்னைக்கோ ஒரு நாள் வர்றது. வருசா வருசம் வர்ற அஞ்சு செ.மீ. மழையைப் பாருங்க. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் பெஞ்சா ஒரு லிட்டர். அரை ஏக்கர்னா சுமார் 2,000 சதுர மீட்டர். அப்போ அஞ்சு செ.மீ. மழைக்கு ஒரு லட்சம் லிட்டர்! மண்ணா இருந்தா அதுல நல்ல பங்கு உள்ள எறங்கும், நம்ம கிணத்துக்கே வரும். கல்லா இருந்தா பக்கத்து வீட்டுக்குப் போகும். 2003ல மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கினப்போ நாங்களும் ஒரு குழி எடுத்தோம். அந்தக் குழி இப்போ எந்தக் கல்லுக்கு அடியில இருக்குன்னு கோயில்பிள்ளைக்கே தெரியல.

புல்தரையாவது வருதேன்னு சந்தோசப்பட முடியல. நம்ம ஊர் கோடையில ஒரு சதுர மீட்டர் புல்லு பச்சையா இருக்க, தினம் நாலஞ்சு லிட்டர் தண்ணி வேணும். மே மாசம் தெருவே குடத்தோட நிக்கிறப்போ நாம புல்லுக்குத் தண்ணி விட்டா அது சாட்சியா இருக்குமா? மதில் ஓரமா கோனோகார்பஸ் வைக்கலாம்னு வேற ஒரு யோசனை. குஜராத் 2023லயும் தமிழ்நாடு 2025லயும் அந்த மரத்துக்குத் தடை போட்டாச்சுங்கிறது யாருக்கும் தெரியல போல.

*

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்ல. மெஞ்ஞானபுரத்தைப் பாருங்க. 19ஆம் நூற்றாண்டுல ஜான் தாமஸ் ஐயர் வந்தப்போ அது தேரி மணல் காடு. கிணறு வெட்டி, மரம் வச்சு, பச்சையாக்கிட்டுத்தான் அவ்வளவு உசரக் கோபுரத்தையும் கட்டினாரு. எத்தியோப்பியாவோட வடக்கு மலைநாட்டுல காடெல்லாம் வயலாயிடுச்சு. மிச்சம் இருக்கிற காட்டுத் துண்டுகள் பெரும்பாலும் அங்கத்த ஆர்த்தடாக்ஸ் கோயில்களைச் சுத்தித்தான் இருக்கு. ஆகாயத்துல இருந்து பாத்தா பழுப்புத் துணியில பச்சைப் பொட்டு வச்ச மாதிரி. மாடு மேயாம இருக்க அந்தச் சபை ஜனங்களே வயல்ல கிடந்த கல்லை எடுத்துச் சுவர் கட்டிக் காப்பாத்துறாங்க. நம்ம ஊர் அய்யனார் கோயில் காடும் இதே கதைதான். சாமியோட இடம்னா மரத்தை வெட்டக்கூடாதுங்கிறது எல்லா ஜனத்துக்கும் தெரிஞ்சிருக்கு. வேதாகமத்துல முதல் மனுசனுக்குக் குடுத்த முதல் வேலையே தோட்டத்தைப் பாத்துக்கிறதுதான். நாமதான் கல்லுக்குக் காணிக்கை எடுக்கிறோம்.

குறை மட்டும் சொல்லிட்டுப் போனா நல்லா இருக்காது. கமிட்டிக்கு எழுதிக் குடுக்கப் போறதை இங்கயும் வைக்கிறேன்.

கேட்டுல இருந்து கோயில் வாசல், கழிப்பறை, கல்லறைத் தோட்டம் வரைக்கும் ரெண்டு மீட்டர் அகலத்துல நல்ல பாதை போடுவோம். கைத்தடி ஊன்றவங்களும் சக்கர நாற்காலியில வர்றவங்களும் சிரமமில்லாம வரணும். அதுக்கு பேவர் கல்லே இருக்கட்டும். வண்டி நிறுத்த ஒரு பக்கம் சரளை. மிச்சமெல்லாம் மண். இருக்கிற ரெண்டு வேம்பைச் சுத்திக் கல்லைப் பேத்தெடுப்போம். புங்கை, பூவரசு, நாவல், இலுப்பை, மதில் ஓரத்துல பனை. முதல் ரெண்டு மூணு வருசம் தண்ணி ஊத்தினா, அப்புறம் அதுங்களே பாத்துக்கும். ஓட்டுத் தண்ணி கிணத்துக்குப் போகட்டும். சருகை எரிக்காம ஒரு குழியில போட்டா உரமாகும். மதில்ல ரோட்டுப் பக்கமா ஒரு கல்திண்ணை கட்டுவோம், பஸ்ஸுக்கு நிக்கிறவங்க உக்கார. சாயங்காலம் நாலுல இருந்து ஏழு வரைக்கும் கேட்டைத் திறந்து வைப்போம். அந்த போர்டைக் கழட்டிடுவோம்.

சேறு கொஞ்சம் இருக்கும்தான். கூட்டுறதுக்கு ஆள் வேணும்தான். பந்து ஜன்னல்ல படும்தான். ஊரே புழங்குற இடம்னா அப்பிடித்தான் இருக்கும். சுத்தமா, அழகா, யாருமே இல்லாம இருக்கிற இடத்தை நான் இப்போ தினமும் பாக்கிறேன். எனக்குப் பிடிக்கல.

அண்ணாச்சிகிட்ட நேத்து சாயங்காலம் சொல்லிப் பாத்தேன். "ஏன்டே, அன்னைக்கு நீயும்தானே துட்டு குடுத்த?"ன்னு கேட்டாரு. "ஆமா அண்ணாச்சி, அதனாலதான் கேக்கேன்"னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எழுதிக் குடு, பாப்போம்"னு சொன்னாரு. எங்க ஊர்ல 'பாப்போம்'னா 'முடியாது'ன்னு அர்த்தம். ஆனா அவரு நின்னு பேசினது அந்த மிச்சம் இருக்கிற வேம்பு நிழல்லதான்.

உங்க ஊர் கோயில், பள்ளிவாசல், சர்ச், எதுவா இருந்தாலும் சரி, கல்லைப் பேத்து மண்ணைத் திரும்பக் கொண்டுவந்த அனுபவம் யாருக்காவது இருந்தா சொல்லுங்க மக்கா. மனுவோட சேத்துக் குடுக்கிறேன்.