கத்திவாக்கம் நகராட்சி: ஒரு மெர்ஜ் கதை

எண்ணூர்னா எல்லாருக்கும் தெரியும். அங்கேயே கத்திவாக்கம்னு ஒரு நகராட்சி இருந்துச்சுன்னு சொன்னா, நம்ம ஆபீஸ் மக்கள் "அது எங்கப்பா?"ங்கறாங்க.

2011ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆனது. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி, மொத்தம் 42 அமைப்புகள் உள்ளே போச்சு. திருவொற்றியூர், மணலி, கத்திவாக்கம் எல்லாம் அதில் அடக்கம். பெரிய மாநகராட்சின்னா பெரிய நிதி வரும், நியாயம்தான். குழாயும் ரோடும் ஊர் எல்லை பார்க்காது என்பதும் சரி.

ஆனா 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிஞ்சது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள் ஆட்சிதான். முன்னாடி சேர்மன் உள்ளூர்லயே இருந்தார். இப்போ மேயரைப் பார்க்க ரிப்பன் மாளிகை வரை போகணும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவினப்போ, உள்ளூர்ல ஒரு நகரமன்றம் இருந்திருந்தா மீனவர்கள் முதல்ல அங்கே போய் நின்னிருப்பாங்க.

நார்வேயில் ஹாராம்னு ஒரு ஊராட்சியை 2020ல் ஓலெசுண்டோட சேர்த்தாங்க. மக்கள் விடலை, 2024 ஜனவரியில் மறுபடி தனியா பிரிஞ்சிட்டாங்க!

நமக்குப் பிரியறது வேணாம். 2022ல் விதி போட்ட வார்டு கமிட்டி, ஏரியா சபைகளை இங்கே நிஜமான அதிகாரத்தோட ஒழுங்கா நடத்தினாலே போதும். நாங்க கோடை மெர்ஜ் பண்ணினா பழைய ஹிஸ்டரி அப்படியே இருக்கும். ஊரை மெர்ஜ் பண்ணினா மட்டும் ஏன் அழியணும்?

நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?