நோயாளர் அறிக்கையில் நாடும் மதமும் வேண்டாம்

பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களுக்கு அயல்நாட்டவர் புதியவர் அல்லர். 1613-இல் டச்சுக்காரர் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய இடம் அது, அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது, கடல் வணிகத்தோடு வேரூன்றிய தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் மீனவர்களுக்கு அண்டை வீட்டாராகப் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆயினும், ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை விடலாம் என்று முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ வழக்கத்தில் ஊரும் குலமுமே உரிமையைத் தீர்மானிப்பதால், உள்ளூராருக்கும் வெளியாருக்கும் இடையிலான கோடு அங்கே அழுத்தமானது. இத்தகைய சமூகங்களில், தொற்றுக்காலத்தில் அரசு ஒரு பிரிவினரைச் சுட்டினால் அச்சொல் இருமடங்கு கனக்கும்.

கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில் தமிழகத்தின் பல சிற்றூர்கள் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்ததைக் குற்றமாகக் கருத முடியாது. தடுப்பூசி இல்லாத நோய்க்கு எதிராக எளியவர்களிடம் இருந்த காப்பு விலகியிருத்தல் ஒன்றே. அந்த அச்சத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்ததுதான் தவறு. தில்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் என்னும் இஸ்லாமியச் சமய இயக்கத்தின் மாநாட்டிலிருந்து திரும்பியோரை மாநிலச் சுகாதாரத் துறை தனியே எண்ணி அறிவித்தது. பிறகு ‘ஒரே மூலத் தொற்று’ என்று சொல்லை மாற்றிக்கொண்டாலும் கேடு நிகழ்ந்துவிட்டது. அவ்வியக்கத்தோடு தொடர்புடைய, விசா விதிமீறல் முதலிய குற்றச்சாட்டுகளுக்கு உள்ளான 31 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை, அவர்கள் போதிய துன்பம் அனுபவித்துவிட்டனர் என்று கருதி, அவ்வாண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முடித்துவைத்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அத்தகைய வெளிநாட்டினர் பலியாடுகளாக்கப்பட்டனர் என்ற கருத்தையே வெளியிட்டது.

அதே ஆண்டு ஜூலை 1 அன்று ஈரானிலிருந்து ‘ஜலாஷ்வா’ கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்கு அழைத்துவந்த 687 பேரில் பெரும்பாலோர், கூலிக்கு மீன்பிடிக்கச் சென்று அங்கே சிக்கிக்கொண்ட தமிழக மீனவர்கள். அந்நாட்டில் அயலார் என நின்றவர்கள் அவர்களே.

பிரிவைச் சொல்லாமல் தொற்றின் தடத்தைத் தேட இயலாது என்பர். தடமறிதல், அதாவது நோயாளியோடு பழகியவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சோதிக்கும் பணி, இடத்தையும் நாளையும் கொண்டு நடப்பது. ஏனைய விவரம் மருத்துவ அலுவலரின் கோப்பில் இருக்கலாம், செய்திக் குறிப்பில் அதற்கு வேலையில்லை, ஏனெனில் ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சுபவர் சோதனைக்கே வரமாட்டார். நோய்களுக்கு ஊர்ப்பெயரோ நாட்டின் பெயரோ சூட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இலேயே நெறி வகுத்தது. 1939-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில், நோயாளரின் நாட்டையும் மதத்தையும் பொது அறிக்கையில் குறிப்பிடத் தடை விதிக்கும் பிரிவு ஒன்றைப் பேரவை சேர்க்க வேண்டும். மீறும் அலுவலர்மீது துறை நடவடிக்கை எடுக்கவும் அதில் இடமிருக்க வேண்டும்.