எவ்வளவு நிச்சயம்? எவ்வளவு பிரயோஜனம்?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் காலை ஷிப்டுக்கு இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். ஏற்றுமதி மண்டலத்துக் கம்பெனிகளுக்குப் போகும் அந்த ஆண்களிலும் பெண்களிலும் எத்தனையோ பேர் வண்டியில் நின்றபடியே கண்ணயர்ந்து வந்தவர்கள். இரவில் படுக்கவில்லையா என்று கேட்டால், "படுத்தோம், தூங்கத்தான் முடியவில்லை" என்பார்கள். புழுக்கம், கொசு, தெருச் சத்தம், ஒரே அறையில் ஐந்தாறு பேர்.

இந்தத் தூக்கத்தைப் பற்றி நம் சென்னையிலேயே ஓர் ஆராய்ச்சி நடந்தது. பொருளாதார நிபுணர்கள் மருத்துவத்தையும் மனோதத்துவத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஏழை உழைப்பாளிகள் 452 பேரின் கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். 2021-ல் முடிவு வெளியாயிற்று. எட்டு மணி நேரம் படுத்திருப்பவர்கள் சராசரி ஐந்தரை மணி நேரமே தூங்குகிறார்கள்! அதுவும் விட்டு விட்டு வரும் தூக்கம்.

யோசனையும் படுக்கை வசதிகளும் தந்து இரவுத் தூக்கத்தை 27 நிமிஷம் கூட்டினார்கள். மூன்று வாரத்தில் வேலைத் திறனிலோ மனநிலையிலோ கண்டுபிடிக்கத் தக்க மாறுதல் இல்லை. ஆனால் வேலையிடத்திலேயே பகலில் சிறிது நேரம் தூங்க விட்டபோது பலன் தெரிந்தது. திறன், மனநிலை முதலிய எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட மொத்தக் கணக்கில் 0.12 'நியமவிலக்கம்' ஏற்றம் என்கிறார்கள். இது தற்செயலாக வந்ததல்ல, புள்ளிவிவரப்படி முக்கியமானது என்பது அவர்கள் முடிவு.

நல்லது. இந்த 0.12-ஐ வைத்து நம் வீட்டில் எத்தனை படி அரிசி வாங்கலாம்? பகலில் தூங்கிய நேரம் வேலை நேரத்தில் குறைந்தது. இதை ஆராய்ச்சியாளர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பீஸ் ரேட்டில் கூலி வாங்குபவனுக்குத் திறன் கூடினாலும், நேரம் குறைந்தால் கூலி என்னாகும்? அந்த அரை மணிக்குக் கூலி தருவது யார்? நமக்கு முக்கியமான கேள்வி இதுதான்.

நிச்சயம் வேறு, அளவு வேறு. ரேஷன் கடைத் தராசை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் தடவை நிறுத்துப் பார்த்தால், ஒரு சிட்டிகை குறைவதைக் கூடச் சந்தேகமில்லாமல் நிரூபிக்கலாம். அந்தச் சிட்டிகையால் யார் வயிறும் காயாது. இரண்டே தடவை நிறுத்தால், அரைக் கிலோ குறைவதைக் கூட "தற்செயல்" என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்த அரைக் கிலோ ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோறு!

படித்தவர்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். 1980-களில் அமெரிக்காவின் தலைசிறந்த பொருளாதார இதழில் வந்த 182 கட்டுரைகளை இரண்டு பொருளாதார நிபுணர்கள் பின்னாளில் பரிசீலித்தார்கள். நூற்றுக்கு 70 கட்டுரைகள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே இல்லை! புள்ளிவிவர முக்கியத்துவம் என்பது பலனின் அளவைக் காட்டாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-ல் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

இதனால் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. "இரவில் கூடுதலாகத் தூங்கியும் பலனில்லை என்று ஆராய்ச்சியே சொல்கிறது" என நாளை ஒரு முதலாளி பேசலாம். அதே புழுக்கத்தில், அதே உடைந்த தூக்கத்தில் கூடிய 27 நிமிஷம் அது. அளந்ததும் மூன்றே வாரம். இருபது வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவனின் உடம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியதை மறக்க முடியுமா? தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்ற பிறகே, மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

கேள்வியைச் சரியாகக் கேட்டால் அதே புள்ளிவிவரம் ஏழைக்குத் துணை நிற்கும். அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த சானடோரியம், 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரி. காசநோய்க்காரன் அப்படி ஓரிடத்தில் மாதக்கணக்கில் படுத்தால்தான் பிழைப்பான் என்றிருந்த காலம் அது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி அதைச் சோதித்தது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் மருந்து. மற்றவர்களுக்கு அவரவர் குடிசையில். ஒரு வருஷத்தில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. நல்ல சாப்பாடும் ஓய்வும் இருந்த இடத்திற்கும் குடிசைக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்! வீட்டிலிருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. படுக்கை சிலருக்கும் நோய் லட்சக்கணக்கானவர்களுக்கும் இருந்த நாட்டில், அந்த முடிவின் பிரயோஜனம் எவ்வளவு பெரிது! உலகமே காசநோய் வைத்தியத்தை வீட்டுக்கு மாற்றிக்கொண்டது.

ஆகவே, தோழர்களே, ஆராய்ச்சியைக் கண்டு மிரளவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். மில் கேட்டிலோ களத்து மேட்டிலோ யாராவது ஒரு புள்ளிவிவரத்தை நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு நிச்சயம்? எவ்வளவு பலன்? அந்தப் பலன் யார் கைக்குப் போகிறது? மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு நம்மிடம் கையெழுத்துக் கேட்கட்டும்.