புதுப் புத்தகம் பீரோவுக்கா? படிப்பவருக்கா?

கல்லூரிக்குப் புத்தகப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன.

பெட்டியைப் பிரித்தால் புதுக் காகித வாசனை! கதை, கவிதை, கணக்கு, விஞ்ஞானம், சரித்திரம், வேலைத் தேர்வுக்கான புத்தகம் என்று எல்லாம் உள்ளே இருக்கின்றன. சில கல்லூரிகளில் கூடவே சினிமாப் படங்களும் வருகின்றன.

வந்த பிறகு என்ன நடக்கிறது?

முதலில் பில்லோடு ஒத்துப் பார்க்கிறார்கள். பிறகு பதிவேட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண் போடுகிறார்கள். முதல் பக்கத்தில் கல்லூரி முத்திரை குத்துகிறார்கள். உள்ளே ஏதோ ஒரு பக்கத்திலும் இன்னொரு முத்திரை விழும். அது எந்தப் பக்கம் என்பது நூல் நிலையத்தாருக்கு மட்டும் தெரியும். யாராவது முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும், அந்த ரகசிய முத்திரை காட்டிக் கொடுத்துவிடும்! கடைசியாக முதுகில் எண் எழுதிய சீட்டு ஒட்டுகிறார்கள். கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறார்கள்.

இவ்வளவு வேலையும் சில இடங்களில் ஒரு வாரத்தில் முடிகிறது. சில இடங்களில் அரையாண்டே ஓடிவிடுகிறது.

அதற்குப் பிறகு? கண்ணாடி பீரோ. அதற்கு ஒரு பூட்டு. சாவி மேஜை டிராயரில்.

மாணவன் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறான். தலையைச் சாய்த்துப் புத்தகத்தின் முதுகில் உள்ள பெயரைப் படிக்கிறான். எடுத்துத் தரும்படி கேட்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கிறான். கேட்காமலே போய்விடுகிறான்.

எல்லாக் கல்லூரிகளும் இப்படி அல்ல. நல்லபடியாகத் திறந்து வைத்திருக்கும் நூல் நிலையங்கள் பல உண்டு. ஆனால் பூட்டிய பீரோக்களும் குறைவில்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? வசதி உள்ள வீட்டுப் பையனுக்கு அல்ல. அவன் கடையில் வாங்கிக்கொள்வான். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தானே, அந்தப் பையனுக்குத்தான் நஷ்டம். அந்தப் பெண்ணுக்குத்தான் நஷ்டம். அவர்கள் வீட்டில் பாடப் புத்தகத்தையும் காலண்டரையும் தவிர வேறு அச்செழுத்து இராது. தகப்பனார் கடன் வாங்கிக் கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கிறது. பல கல்லூரிகளில் அந்த ரசீதிலேயே நூல் நிலையத்துக்கு என்று ஒரு தொகையும் இருக்கிறது!

கணக்கு வாத்தியார்

இந்தப் பூட்டை உடைத்தவர் ஒரு தமிழர். சீர்காழிக்காரர். 1892-ம் ஆண்டு பிறந்தவர். பெயர் எஸ். ஆர். ரங்கநாதன்.

அவர் நூல் நிலையப் படிப்புப் படித்தவர் அல்ல. கணக்கு வாத்தியார்! சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1924-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் நூலகராக நியமித்தது.

வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே அவருக்கு அலுத்துவிட்டது. பேச ஆள் இல்லை. படிக்க வருவோரும் அதிகம் இல்லை. சுற்றிலும் புத்தகங்கள், நடுவில் அவர்!

பழைய கல்லூரி முதல்வரிடம் ஓடினார். "எனக்குப் பழைய வேலையே போதும்" என்று கேட்டார். "நூலகத் தொழிலைப் படிக்க லண்டனுக்கு எப்படியும் போகத்தான் போகிறீர்கள். போய் வாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம்" என்ற பொருளில் பதில் கிடைத்தது.

லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே நூறுக்கும் மேற்பட்ட நூல் நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார். படிப்பவர்கள் அலமாரிப் பக்கம் தாங்களே போய்ப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவதைக் கண்டார்.

ஒரு நாள் லண்டன் கடையொன்றில் ஒரு விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சிறு சிறு இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றை ஒரு விதமாக மாட்டினால் வண்டி. வேறு விதமாக மாட்டினால் பாலம். குழந்தைகளுக்கு அது பொம்மை. கணக்கு வாத்தியாருக்கோ பொறி தட்டியது! புத்தகங்களை வகை பிரித்து அடுக்கவும் இப்படியே செய்தால் என்ன? சிறு சிறு குறிகளைச் சேர்த்து, எந்தப் பொருளுக்கும் ஓர் எண் உண்டாக்கலாமே! 'கோலன் பகுப்பு முறை' என்று பிற்பாடு பெயர் பெற்ற முறை இப்படித்தான் பிறந்தது. அது 1933-ல் புத்தகமாக வெளிவந்தது.

1925-ம் ஆண்டு சென்னைக்குத் திரும்பினார். மறுபடியும் கணக்குப் பாடத்துக்குப் போகும் எண்ணமே அவருக்கு வரவில்லை. அலமாரிகள் இருந்த பகுதியைத் திறந்து, படிப்பவர்களை உள்ளே விட்டார். நூல் நிலையம் திறந்திருக்கும் நேரத்தையும் கூட்டினார். கல்யாணம் நடந்த அன்று பிற்பகலே வேலைக்கு வந்துவிட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். (மணப்பெண் என்ன நினைத்தாரோ!)

1931-ம் ஆண்டு அவர் ஒரு புத்தகம் எழுதினார். நூல் நிலையங்களுக்கு ஐந்து விதிகள் சொன்னார். புத்தகம் இருப்பது உபயோகத்துக்குத்தான் என்பது முதல் விதி. உலகமெங்கும் நூலகப் படிப்பில் இன்றும் அந்த ஐந்தையும் கற்பிக்கிறார்கள்.

அதே 1931-ம் ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டு வண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் புறப்பட்டது. மாட்டு வண்டியில் புத்தகம் வீடு தேடிப் போன ஊர் இது. கல்லூரிக்குள்ளேயே இருக்கும் மாணவனுக்குப் புத்தகம் எட்டவில்லை என்றால் எப்படி?

லைப்ரேரியன் பயம்

அமெரிக்காவில் ஒரு பழைய கதை உண்டு. ஹார்வர்டு கல்லூரியின் நூலகர் ஒரு நாள் மிகுந்த சந்தோஷத்தோடு நடந்து போனாராம். "என்ன விசேஷம்?" என்று ஒருவர் கேட்டார். "எல்லாப் புத்தகமும் உள்ளே வந்துவிட்டது. இரண்டு மட்டும் பாக்கி. அவை ஒரு பேராசிரியரிடம் இருக்கின்றன. அதைத்தான் வாங்கப் போகிறேன்!" என்றாராம்.

சிரிப்பு வருகிறது. ஆனால் நம் ஊர் லைப்ரேரியனைப் பார்த்துச் சிரிப்பது நியாயம் ஆகாது. அவருடைய பயத்தில் அர்த்தம் இருக்கிறது.

ஆண்டு முடிவில் புத்தகங்களை எண்ணுவார்கள். பத்துப் புத்தகம் குறைந்தால் யாரைக் கேட்பார்கள்? அவரைத்தான்! ஓய்வு பெறும் நாளில் கணக்குச் சரியாக இல்லை என்றால் என்ன ஆகும்? தன் பணத்திலிருந்து கட்ட நேருமோ என்ற கவலை அவருக்கு. அதனால் சாவியைக் கையிலேயே வைத்துக்கொள்கிறார்.

இந்தப் பயத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) இதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. ஓர் ஆண்டில் 1,000 புத்தகங்கள் வெளியே கொடுக்கப்பட்டாலோ எடுத்துப் பார்க்கப்பட்டாலோ, அதில் 5 தொலைவது இயல்பு என்று ஏற்றுக்கொள்ளலாம். மோசடியோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலை உள்ள புத்தகம் தொலைந்தால் கட்டாயம் விசாரணை உண்டு. அரிய புத்தகம் என்றால் எந்த விலையானாலும் விசாரணை உண்டு.

இந்த விதி மத்திய அரசு அலுவலகங்களுக்கு உரியது. ஆனால் மற்றக் கல்லூரி நிர்வாகங்களும் இதே அளவுகோலை எடுத்துக்கொள்வதில் என்ன தடை? "உங்கள் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம்" என்று எழுத்து மூலம் சொல்லட்டும். மறு நாளே பாதி பீரோக்கள் திறந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நிறையப் புத்தகம் வெளியே போனால்தான் இந்தச் சலுகை! யாருக்கும் கொடுக்காத நூல் நிலையத்துக்கு ஒரு புத்தகம் கூடத் தள்ளுபடி கிடையாது. பூட்டிய பீரோவில் திருட்டுப் போகாது. கரையான் வராது என்று யார் சொன்னது?

சினிமா எதற்கு?

"நூல் நிலையத்தில் சினிமாவா? பிள்ளைகள் கெட்டுப் போகமாட்டார்களா?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம்.

'தியாக பூமி' கதையைப் பார்க்கலாம். கல்கி எழுதிய அந்தக் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதே சமயம் கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்தார். தொடர்கதைக்குச் சினிமாவின் புகைப்படங்களே சித்திரங்களாக வந்தன! படம் 1939-ம் ஆண்டு வெளியாயிற்று. தேச விடுதலையைப் பேசிய படம் என்பதால், வெள்ளைக்கார அரசாங்கம் அதைப் பிறகு தடை செய்தது. புத்தகத்தைப் படித்துவிட்டுப் படத்தையும் பார்க்கிற மாணவிக்கு, ஒரு காலத்தின் சரித்திரமே கண் முன்னால் வரும்.

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்ததுதான் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாகவும் இருக்கிறது, படமாகவும் இருக்கிறது. வங்காளத்தில் சத்யஜித் ராய், 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தவர். வரைந்தபோது மனதில் பதிந்த கதையைத்தான் 1955-ல் திரையில் கொண்டு வந்தார்.

கதையில் எது விட்டுப் போயிற்று? எது புதிதாகச் சேர்ந்தது? ஏன்? இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளை சினிமாவால் கெட்டுப் போவதில்லை. புத்தகத்தையும் படத்தையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கல்வி நிலையத்தின் காரியமாகப் படம் காட்டுவதற்கு இடம் கொடுக்கிறது. பார்ப்பவர்கள் அங்குள்ள ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிலையத்தோடு தொடர்பு உள்ளவர் என்ற அளவில் இருக்க வேண்டும். டிக்கெட் போட்டு ஊரைக் கூட்டினால் அது வேறு விஷயம்!

படத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. புத்தகத்தைத் திறக்கக் கை போதும். படத்தைத் திறக்க மெஷின் வேண்டும். வீடியோ கேசட் வாங்கி அடுக்கினார்கள். அதைப் போடும் மெஷின் போய்விட்டது. பிறகு டி.வி.டி. தட்டு வாங்கினார்கள். இன்று வருகிற புது லாப்டாப்புகள் பலவற்றில் தட்டுப் போடும் இடமே இல்லை! போனில் பார்க்கும் படமோ கல்லூரிக்குச் சொந்தம் அல்ல. இன்று இருக்கும், நாளை எடுத்துவிடுவார்கள். ஆகவே படம் வந்தால் உடனே காட்டிவிட வேண்டும். புத்தகமாவது பத்து வருஷம் பொறுக்கும்.

பூட்டினால் பிழைத்த படம்

பூட்டு எப்போதுமே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. ஒரு பூட்டு ஒரு படத்தைக் காப்பாற்றியும் இருக்கிறது!

நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ், 'மார்த்தாண்ட வர்மா' என்ற மலையாள நாவலைப் பேசாத படமாக எடுத்தார். ஆண்டு 1933. நாவலின் உரிமை திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு புத்தகப் பதிப்பாளரிடம் இருந்தது. வழக்கு வந்தது. படம் திரையிலிருந்து இறங்கியது. படச் சுருள் பதிப்பாளர் வசம் போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலத்துத் தென்னிந்தியப் பேசாத படங்கள் அநேகமாக எல்லாமே அழிந்துவிட்டன. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) கூட இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. 'மார்த்தாண்ட வர்மா' மட்டும் புத்தகக் கிடங்கில் தப்பிக் கிடந்தது. 1974-ம் ஆண்டு புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கிப் பாதுகாத்தது.

நாற்பது ஆண்டு அந்தப் படத்தை ஊரார் பார்க்கவில்லை. ஆனால் உலகத்தில் அது ஒன்றே ஒன்று. அதற்குப் பூட்டு வேண்டும். நேற்று அச்சாகி, ஆயிரக்கணக்கில் விற்கிற நாவலுக்கு எதற்குப் பூட்டு? தொலைந்தால் இன்னொன்று வாங்கினால் ஆயிற்று!

செலவு அதிகம் இல்லை

என்ன செய்யலாம்? நூல் நிலைய வாசலில் திறந்த தட்டு ஒன்று போதும். இந்த வாரம் வந்த புத்தகம் அத்தனையும் அதில் இருக்கட்டும். மற்றப் பதிவு வேலை முடியும் வரை காத்திருக்க வேண்டாம். எண்ணும் முத்திரையும் போட்டவுடன் தட்டில் வைக்கலாம். பெயர்களை ஒரு கரும்பலகையில் எழுதிப் போடலாம்.

வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது நூல் நிலையம் திறந்திருக்க வேண்டும். மணி அடித்ததும் மாணவர்கள் வெளியே வருகிறார்கள். அதே மணிக்கு நூல் நிலையமும் மூடினால் அவர்கள் எப்போது படிப்பது? பஸ்ஸில் ஊர் திரும்புகிற பெண்களுக்கு மாலையில் நேரம் இராது. அவர்களுக்கு மதிய இடைவேளையில் புத்தகம் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான். ஒரே லைப்ரேரியன் எண்ணுவார், ஒட்டுவார், கொடுப்பார், வாங்குவார், காவலும் இருப்பார் என்றால் அவரால் ஆகாது. நிர்வாகம் அங்கே ஓர் ஆளைக் கூடப் போட வேண்டும். புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்குகிற கல்லூரி, அதை எடுத்துக் கொடுக்க ஆள் ஒதுக்காமல் இருப்பது விசித்திரம்தான்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். மகளோ மகனோ கல்லூரியிலிருந்து வந்ததும், "என்ன மார்க்?" என்று மட்டும் கேட்கிறார்கள். "நூல் நிலையத்திலிருந்து என்ன கொண்டு வந்தாய்?" என்றும் கேட்கலாம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த தாயாருக்கு, மகள் ஒரு கதையைப் படித்துக் காட்டட்டும். அந்தப் புத்தகத்துக்கு ஒன்றுக்கு இரண்டு வாசகர்!

ஆகஸ்டு 12-ந் தேதியை ரங்கநாதன் நினைவாக நூலகர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். கல்லூரிகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். கல்லூரிகள் ஜூன், ஜூலையில் திறக்கின்றன. வந்து கிடக்கும் புத்தகப் பெட்டிகளைப் பிரித்து, எண் போட்டு, வாசல் தட்டில் வைக்க அதற்குள் நேரம் இருக்கிறது.