டெண்டர் போடுவோம், நேர்மையாகப் போடுவோம்



அரசு விடுதிக்குப் பலசரக்கு கொடுக்கும் டெண்டர் என்றாலே, "அது நமக்கு ஒத்துவராது" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். கருங்கலில் நீண்ட காலமாக மொத்த வியாபாரம் செய்துவரும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, என் கடைப் பெயரில் ஒரு டெண்டர் போட்டேன். பருப்பு, எண்ணெய், மிளகு விலையை மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆனால் எங்கள் விலை உறை பிரிக்கப்படவே இல்லை. தகுதி உறையில் வைத்த ஒரு சான்றிதழ் காலாவதியாகி இருந்தது. அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்த்திருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். தவறு அவர்களுடையது அல்ல. இன்ன வேலைக்கு இன்னார் பொறுப்பு என்று பிரித்துக் கொடுக்காத என்னுடையது.

தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும் உள்ளன. ரூ.2 கோடி வரையிலான டெண்டருக்குப் பொதுவாக 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தரவேண்டும். முடிவில் குறை இருந்தால் 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். முதல் நாளே தொடங்கினால் 15 நாள் தாராளம். ஒருவர் நிபந்தனைகளை வரிவரியாக வாசிக்கட்டும். ஒருவர் சான்றிதழ்களையும் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்கட்டும். ஒருவர் விலை போடட்டும். பில் தொகை வரத் தாமதமானால் ஏறும் வட்டியையும் அதில் சேர்க்கட்டும். முன்னிற்பவர் இரண்டு நாள் முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். "இந்த டெண்டர் உமக்கு, அடுத்தது எனக்கு" என்று கூடிப் பேசி விலை ஏற்றுவது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. சட்டம் இருக்கட்டும். அது விடுதிப் பிள்ளைகளின் சோற்றில் கை வைப்பது அல்லவா?

நமக்கும் குறை உண்டு. 2021 ஜூலையில் வணிகர்களை உத்யம் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் பயன் முன்னுரிமைக் கடனோடு நின்றது. சிறு உற்பத்தியாளருக்கு மத்திய அரசுக் கொள்முதலில் உள்ள முன்வைப்புத் தொகை விலக்கு நமக்கு இல்லை. இதைச் சங்கம் உரக்கக் கேட்கவேண்டும்.

அத்தோடு, டெண்டர் அறிவிப்புகளைச் சேகரித்துச் சொல்லவும் ஆவணங்களைச் சரிபார்க்கவும் சங்கத்தில் ஒரு குழு அமையட்டும். விலையை மட்டும் அவரவர் கடையில் இருந்து அவரவரே எழுதட்டும்.