நிலமும் பொழுதும்: வைப்பாறு புகட்டும் பாடம்

அகப்பொருளுக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், நிலத்தையும் பொழுதையும் ஒருங்கிணைத்து முதற்பொருள் என்றார். நிலத்தைத் தனியாகவும் காலத்தைத் தனியாகவும் அவர் நிறுத்தவில்லை. சிறுபொழுது, பெரும்பொழுது என அவர் காட்டிய இரண்டும் மனித வாழ்வுக்கு உரிய அளவுகள். அவற்றுக்கு அப்பால் மண்ணுக்கென்று ஒரு பொழுது உண்டு. அது ஆயிரம், இலட்சம், கோடி என்னும் ஆண்டுக் கணக்கில் நடப்பது. நிலம் மாறாதது என்ற எண்ணம் தமிழ் மரபுக்கு உரியதன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் உண்மையன்றோ!

இவ்வுண்மையைக் கற்கத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டையை அடுத்துள்ள தாயில்பட்டியின் கரிசல் மண்ணே போதிய பாடநூலாகும்.

மேற்கே நிமிர்ந்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து தொடங்குவோம். இப்பகுதியின் அடிப்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. பகல் வெயிலில் விரிந்தும் இரவுக் குளிரில் சுருங்கியும் பாறை விரிசல் காண்கிறது. விரிசலில் மழைநீர் இறங்குகிறது, மரவேர் நுழைகிறது. பாறையில் உள்ள கனிமங்கள் நீரோடு வினைபுரிந்து மெல்ல மெல்லக் களிமண்ணாகின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் முன்னோர் சொன்னது வெறும் உவமை அன்று; நில இயலின் முதல் விதியே அதுதான்.

அவ்வாறு தேய்ந்த பொருளைச் சுமந்து வருவது வைப்பாறு. மலையடிவாரத்தில் உருண்டைக் கற்களை விட்டுவிட்டு, வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியே மணலைப் பரப்பி, மென்மையான வண்டலை மன்னார் வளைகுடா வரை கொண்டு சேர்க்கிறது. ஆற்றின் விசை குறையக் குறையச் சுமையின் பருமனும் குறைகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்திய நாட்டைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் அல்பிரூனி, கங்கைச் சமவெளியைப் பற்றி இதே கருத்தைத்தான் குறித்துவைத்தார். மலையருகே பெருங்கற்கள், தொலைவில் சிறுகற்கள், கழிமுகத்தில் மணல் என்ற வரிசையைக் கண்டு, அச்சமவெளி ஒருகாலத்தில் கடலாயிருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று அவர் முடிவு செய்தார். நீரின் அரிப்பால் நெடுங்காலத்தில் பள்ளத்தாக்குகள் உருவாகின்றன என்பதை அவர் காலத்தவரான இப்னு சீனாவும் எடுத்துரைத்தார். ஐரோப்பாவில் ஹட்டன் 1788ஆம் ஆண்டிலும் லயல் 1830ஆம் ஆண்டிலும் இக்கருத்தை விரிவாக நிலைநாட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கீழை நாட்டு அறிஞர் இதனை உணர்ந்திருந்தனர்.

இனிக் கரிசலைப் பார்ப்போம். தக்காணத்தின் கரிசல் எரிமலைக் குழம்பு உறைந்த பாறையிலிருந்து பிறந்தது. நம் பகுதியிலோ அத்தகைய பாறை இல்லை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த தாய்ப்பாறையும், தாழ்ந்த சமநிலமும், மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் பருவமும் கூடியே இம்மண்ணை ஆக்கின. நனைந்தால் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பது கரிசலின் இயல்பு. வெடிப்புகளில் மேல்மண் சரிந்து உள்ளே விழ, அடுத்த மழையில் மண் மீண்டும் பொருமிப் புரள்கிறது. ஏர் தொடாமலேயே தன்னைத் தான் உழுதுகொள்ளும் மண் இது!

இந்நிலவமைப்பே நம் மக்களின் தொழிலையும் வகுத்தது. தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துவிடுவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழையே இங்கு பெய்கிறது. பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த மானாவாரி நிலம், வானம் பொய்த்தபோதெல்லாம் மக்களை வேறு பிழைப்புத் தேடச் செய்தது. வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றதாயிற்று. தாயில்பட்டியின் உழைப்பாளி கையில் திரி பிடித்திருக்கிறான் என்றால், அதற்குப் பின்னே கோடி ஆண்டுகளாக நிற்கும் ஒரு மலையின் மழைமறைவு இருக்கிறது.

இங்குதான் என் கருத்தை வலியுறுத்த விரும்புகிறேன். கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்த வேலையை நாம் ஒரு தலைமுறைக்குள் கலைத்துவிடுகிறோம். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். ஒரு பொக்லைன் இயந்திரத்துக்கு அதை அள்ள ஒரு நொடி போதும். ஆற்றுமணல் வெறும் கட்டுமானப் பொருள் அன்று. வெள்ளத்தைத் தன்னுள் உறிஞ்சிக் கிணறுகளுக்கு ஊட்டும் நீர்க்களஞ்சியம் அது. மணல் போன ஆற்றில் வெள்ளம் வந்தாலும் நில்லாது ஓடிவிடும். கரையோரக் கிணறுகள் வற்றும்.

வீடு கட்ட மணல் வேண்டாமா, ஏழைக்குக் கூலி வேண்டாமா என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால், ஆறு கொண்டுவந்து சேர்க்கும் அளவை அறியாமல் எடுப்பது, வரவு தெரியாமல் செலவு செய்யும் குடும்பத்தின் கதையாக முடியும். அணைகளும் தடுப்பணைகளும் புதுமணலின் வரவை மேலும் குறைத்துவிட்டன. மணலுக்கு மாற்றாகக் குன்றுகளை உடைத்துப் பொடியாக்கும்போதும் இதே கணக்கு நம்மைத் தொடரும்.

எடுத்தலில் நல்லதும் உண்டு. மழைநீர் வயலிலிருந்து அரித்துக் கண்மாயில் சேர்த்த வண்டலை, கோடையில் வண்டி கட்டி மீண்டும் வயலுக்கே கொண்டுசென்றனர் நம் முன்னோர். கண்மாய் ஆழமாயிற்று; வயல் வளமாயிற்று. இயற்கை அரித்ததை மனிதன் திருப்பிச் சேர்த்த அறிவுடைமை அது. உழவர் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று வண்டல் எடுக்கத் தமிழக அரசு 2024ஆம் ஆண்டில் வழி செய்தது வரவேற்கத்தக்கது. அந்த வண்டல் வயலுக்குத்தான் செல்கிறதா, வீட்டுமனை மேடாக்கச் செல்கிறதா என்பதைக் கவனிக்கும் பொறுப்பு ஊராரைச் சேர்ந்தது.

மண்ணை அள்ளுவோர் வரலாற்றையும் அள்ளிவிடக்கூடும். வைப்பாற்றின் வடகரையில் விசயகரிசல்குளம் மேட்டில் 2022ஆம் ஆண்டு முதல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் நுண்கற்கருவிகளும் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. ஊர்ப்பெயரிலேயே கரிசலும் இருக்கிறது, குளமும் இருக்கிறது. சாதாரண மண்மேடு என்று எவரேனும் அதனைச் சமன் செய்திருந்தால், கடற்சங்கை இங்கே வளையலாக்கிய அக்கைகளை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

தமிழ் மாணவர்க்கு இதில் என்ன பணி என வினவலாம். கரிசல், செவல், வண்டல், உவர், சுக்கான் என மண்ணுக்கு நம் மக்கள் இட்ட பெயர் ஒவ்வொன்றும் ஓர் ஆய்வு முடிவு. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி ஆக்கினார். அவ்வழியில் ஒவ்வொரு மாணவரும் தம் ஊர் முதியோரிடம் சென்று, மண்ணின் பெயர்களையும், ஓடை திசை மாறிய கதையையும், எந்தக் கிணறு எத்தனை முழத்தில் ஊறியது என்பதையும் கேட்டு எழுதலாம். துறை அவற்றைத் தொகுக்கலாம். பத்தாண்டு கழித்து அதே ஓடையை அளந்து ஒப்பிடலாம். அச்சுவடி, கண்மாய் காக்க மனுக்கொடுக்கும் ஊர்ப் பெரியோர் கையில் வலுவான சான்றாகும்.

பட்டாசின் பொழுது நொடி. மண்ணின் பொழுது யுகம். நொடியில் பிழைக்கும் மக்களாகிய நாம், யுகத்தின் சேமிப்பின் மீதுதான் நிற்கிறோம். அச்சேமிப்பைக் குறையாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே நிலத்துக்கும் பொழுதுக்கும் நாம் செய்யும் நன்றிக்கடன்.